பழைய சிராங்கூன் சாலையின் பழக்கங்களும் இன்றைய வீவக வீடும்

“பழைய சிங்கப்பூர் மாதிரி வேணும்” என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் படங்களோடுதான் வருகிறார்கள். பூப்போட்ட தரை ஓடு, பச்சை வண்ண மரச் சன்னல், பிரம்பு நாற்காலி, சுவரில் மாட்ட அந்தக் காலத்துத் தேக்கா வட்டாரத்தின் கறுப்பு வெள்ளைப் படம். எல்லாமே அழகுதான். ஆனால் இவற்றை மட்டும் வாங்கி வைத்த வீடுகளுக்குக் கொஞ்ச காலம் கழித்துப் போய்ப் பார்த்திருக்கிறேன். பிரம்பு நாற்காலியில் மடிக்காத துணி குவிந்திருக்கும். மரச் சன்னல் திறக்கவே படாமல் தூசு படிந்திருக்கும். வீட்டுக்காரர்கள் சோபாவில் உட்கார்ந்து, முன்பு எப்படி வாழ்ந்தார்களோ அப்படியே வாழ்ந்துகொண்டிருப்பார்கள்.

வீடுகளுக்கு உள்ளமைப்பு செய்வது என் தொழில். பெரும்பாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள், பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று, ஓர் ஊரின் நினைவு அங்கே இருந்த பொருள்களைவிட, அங்கே வாழ்ந்தவர்களின் கை கால் பழக்கத்தில்தான் அதிகம் தங்கியிருக்கிறது. வெயிலை எப்படிச் சமாளித்தார்கள், மழை பெய்தால் எங்கே ஒதுங்கி நின்றார்கள், வருகிறவர்களை எதுவரை உள்ளே விட்டார்கள், இரவில் யார் எங்கே படுத்தார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வீட்டைப் போட்டால் பூ ஓடு ஒன்றுகூட இல்லாமலேயே பழைய சிங்கப்பூர் வந்துவிடும்.

அதனால் முதல் சந்திப்பில் நான் மாதிரிப் படங்கள் எதையும் காட்டுவதில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம்தான் முதலில் பேசுவேன். கேள்வி கேட்கும் விதம் முக்கியம். “அந்த வீடு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சும்மா” என்பதோடு முடிந்துவிடும். “செருப்பை எங்கே கழற்றுவீங்க?”, “ஈரக் குடையை எங்கே வைப்பீங்க?”, “மதியம் புழுக்கமா இருந்தா வீட்டுல எந்த இடத்துல படுப்பீங்க?” என்று கேட்டால் பேச்சு நிற்காது. பேசும்போது அவர்கள் கையைக் கவனிப்பேன். கதவு எந்தப் பக்கம் திறந்தது, குழாய் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதெல்லாம் வாயில் வருவதற்கு முன் கையில் வந்துவிடும்.

தெம்பனிசில் ஒரு நான்கறை வீடு. பேத்தியும் அவள் கணவரும் வாங்கியது, பாட்டியும் அவர்களோடு இருக்கப் போகிறார். பாட்டி கல்யாணமாகி வந்து பல வருடம் சிராங்கூன் சாலைக் கிளைத்தெரு ஒன்றில் கடைக்கு மேலே குடியிருந்தவர். ஒரு நாள் காலையில் அவரை அந்தப் பக்கம் அழைத்துப் போனோம். 1989-இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால் கட்டடங்களின் முகப்பு இன்றும் நிற்கிறது. உள்ளே இருக்கும் தொழில்கள்தான் மாறிவிட்டன. கேம்பல் லேனில் பூக்கட்டுகிறவர்கள் அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பாட்டி முகப்புச் சிற்ப வேலைப்பாடுகளையோ வண்ணங்களையோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடையான அஞ்சடியில் ஏறியதும் ஒரு தூணைக் கையால் பிடித்துக்கொண்டு, செருப்பைப் பாதி கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். எனக்குத் தேவையானது அங்கேயே கிடைத்துவிட்டது.

அஞ்சடியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1822-இல் ராஃபிள்ஸ் நகர அமைப்புக் குழுவுக்குக் கொடுத்த உத்தரவிலேயே அது இருக்கிறது. ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாலும் குறிப்பிட்ட ஆழத்துக்குக் கூரை போட்ட நடை, தெரு நெடுகத் தொடர்ச்சியாக, எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர் வெயிலுக்கும் திடீர் மழைக்கும் அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. நடப்பதற்காகப் போட்ட பாதையில் தையற்காரரும் பூக்காரரும் கிளி சோதிடரும் இடம் பிடித்தார்கள். வீட்டுக்காரருக்கு அது தெருவும் இல்லை, வீடும் இல்லை. அங்கே நின்று பேசினால் போதும், விருந்தாளியை உள்ளே கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. கூப்பிடவில்லை என்ற குறையும் யாருக்கும் வராது.

இன்றைய வீவக வீட்டில் காணாமல் போயிருப்பது இந்த இடைப்பட்ட இடம்தான். கதவைத் திறந்தால் நேரே வரவேற்பறை, சோபா, தொலைக்காட்சி. பொட்டலம் கொண்டுவருகிறவரும் பக்கத்து வீட்டு ஆன்டியும் நம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேச வேண்டும். சரி, வெளியே நடைபாதையைப் பயன்படுத்தலாமே என்றால், அது எல்லாருக்கும் பொதுவான இடம். தீப்பாதுகாப்புக்காக 1.2 மீட்டர் வழி எப்போதும் தடையில்லாமல் இருக்க வேண்டும். நடைபாதை முழுக்கச் செருப்பு அலமாரியையும் செடித் தொட்டியையும் அடுக்கிவிட்டு, பிறகு நகரமன்றத்தின் கடிதம் வந்ததும் முகம் சுளிப்பதில் பயன் இல்லை.

அதனால் அஞ்சடியைக் கதவுக்கு உள்பக்கம் கொண்டுவருகிறேன். தெம்பனிஸ் வீட்டில் கதவிலிருந்து உள்ளே ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தரையை மட்டும் மாற்றினோம். அங்கே சொரசொரப்பான கரும் ஓடு, அதைத் தாண்டினால் வழவழப்பான வெளிர் தரை. உயர வித்தியாசம் கிடையாது. படி வைத்தால் பழைய வீடு மாதிரி இருக்கும் என்று பேத்தி கேட்டாள், நான் சம்மதிக்கவில்லை. எண்பதைத் தொடப்போகும் பாட்டி இருக்கும் வீட்டில் இரண்டு அங்குலப் படியும் ஆபத்து. தரையின் நிறமும் சொரசொரப்பும் மாறினாலே கால் தானாக நின்றுவிடும்.

அந்த இடத்தில் சுவரோரமாக ஒரு தேக்குப் பலகை இருக்கை. உயரம் 45 சென்டிமீட்டர். பலகையின் முன்விளிம்பைக் கைக்கு அடக்கமாக உருட்டச் சொன்னேன். வயதானவர்கள் எழுந்திருக்கும்போது உள்ளங்கையை ஊன்றுவது அந்த விளிம்பில்தான், கூர்மையாக இருந்தால் அந்த இடத்தில் உட்காருவதையே தவிர்த்துவிடுவார்கள். இருக்கைக்கு ஒரு முனையில் தரையிலிருந்து மேல்தளம் வரை ஒரு மரக் கம்பம். கூரையைத் தாங்குவதற்கு அல்ல, பாட்டி பிடித்துக்கொண்டு செருப்புக் கழற்ற. பாட்டி அஞ்சடியில் தூணைப் பிடித்ததைப் பார்த்ததால் வந்த கம்பம் அது. இருக்கைக்குக் கீழே முன்பக்கம் திறந்த அலமாரி, செருப்புக்குக் காற்று வேண்டும், மூடினால் நாறும். பக்கத்தில் ஈரக் குடை மாட்ட இரண்டு கொக்கி, சொட்டும் நீருக்கு ஒரு தட்டு. இவ்வளவுதான். இப்போது அந்த வீட்டில் பெரும்பாலான பேச்சு அங்கேதான் நடக்கிறது. பாட்டி வெளிக் கதவைத் திறந்து வைத்து, கம்பிக் கதவை மட்டும் சாத்திவிட்டுக் கீரை ஆய்கிறார். போகிற வருகிறவர்கள் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள்.

கரும் ஓடு வைத்ததற்கு இன்னொரு காரணம் கோலம். வெளிர் தரையில் அரிசி மாவு தெரியாது. பளபளப்பான ஓட்டில் மாவு நிற்காது, ஈரம் பட்டால் வழுக்கும். மங்கலான கரும் ஓட்டில் இழை எடுப்பாக வரும், மாலையில் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் போய்விடும்.

தரை ஓடு பற்றிப் பேசும்போது ஒன்று. கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகளில் பார்க்கும் பழைய சிமெண்ட் ஓடு நிஜமாகவே அழகு. ஆனால் அது நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். நம் சமையலறையில் மஞ்சள் சிந்தாத நாள் உண்டா? அதனால் சிமெண்ட் ஓடு வேண்டுமென்றே அடம்பிடிப்பவர்களுக்கு வாசலில் போட்டு, பூச்சு அடித்துக் கொடுக்கிறேன். சமையலறைக்கு அதே வடிவம் அச்சிட்ட போர்சலின் ஓடு. ஓட்டைத் தேர்வு செய்யும் முன் கனத்தைக் கேளுங்கள். வீவக வீட்டில் தரைப் பூச்சும் ஓடும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு ஒட்டும்போது கணக்கு எளிதில் தவறிவிடும், கதவும் இடிக்கும். புத்தம் புது வீடாக இருந்தால் குளியலறைத் தரையை முதல் மூன்று வருடத்துக்கு மாற்ற முடியாது. நீர்க்காப்புப் பூச்சைச் சிதைத்துவிட்டால் கீழ்வீட்டுக் கூரையில் கசியும் என்பதால் அந்த விதி. நியாயமான விதிதான்.

பாட்டி அடுத்துச் சொன்னது நடுவில் வானம் தெரிந்த இடம். கடைவீடு அகலம் குறைந்தது, நீளம் அதிகம். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், அதில் சன்னல் வைக்க முடியாது. முன்னாலும் பின்னாலும் வரும் வெளிச்சம் நடுவீட்டை எட்டாது. அதனால் நடுவில் கூரையைத் திறந்துவிட்டார்கள். சூடான காற்று அதன் வழியே மேலே போகும், கீழே குளிர்ந்த காற்று இழுபடும், மழை நேரே உள்ளே விழும். “அங்கதான் பாத்திரம் விளக்குவோம், கீழே கடையில யார் என்ன பேசினாலும் மேல கேட்கும்” என்றார் பாட்டி.

அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் கூரையைத் திறக்க முடியாது. ஆனால் சிக்கல் அதேதான். நான்கறை வீட்டில் முன்பக்கம் வெளிச்சம், சமையலறைப் பக்கம் வெளிச்சம், படுக்கையறைகளுக்குப் போகும் குறுகலான வழி பட்டப்பகலிலும் இருட்டு. அங்கே நாங்கள் செய்தது மூன்று வேலைகள். சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் இடையில் இருந்த சுவரில் மேல்பாதியை எடுத்துவிட்டுத் திறந்து மூடும் கண்ணாடிச் சட்டம் வைத்தோம். படுக்கையறைக் கதவுகளுக்கு மேலே, கதவு அகலத்துக்கு, கீல் வைத்த மேல்சன்னல் வைத்தோம், குளிரூட்டி போடும்போது மூடிக்கொள்ளலாம். வழியின் கடைசியில் இருந்த உயர அலமாரியை எடுத்து இடுப்பளவுக்குக் குறைத்தோம். காற்று முன்னாலிருந்து பின்னால் போக வழி கிடைத்தது. பகலில் விளக்குப் போடுவதில்லை.

இதில் கவனம் ஒன்று. எந்தச் சுவரை உடைக்கலாம் என்பதை ஆசை தீர்மானிக்காது, வரைபடம்தான் தீர்மானிக்கும். கட்டடத்தைத் தாங்கும் சுவர், தூண், உத்தரம் எதையும் தொடக்கூடாது. வீட்டுக்குள் இருக்கும் தற்காப்பு அறையின் (குண்டுவீச்சு நேரத்தில் ஒதுங்குவதற்கான அறை) சுவரை உடைக்கவோ அதன் இரும்புக் கதவை மாற்றவோ கூடாது. தடுப்புச் சுவரை எடுப்பதற்கும் வீவகவின் அனுமதி தேவை, அங்கே பதிவு பெற்ற குத்தகையாளர்தான் வேலை செய்ய வேண்டும். அனுமதி கைக்கு வரும் முன்பே வேலையை ஆரம்பித்துவிடலாம் என்று சொல்கிற குத்தகையாளர் யாராக இருந்தாலும் அப்போதே கும்பிடு போட்டுவிடுங்கள். இடிக்கிற வேலை வார நாட்களில் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரைதான், சனி ஞாயிறு கூடாது. தொடங்குவதற்கு முன் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவது நல்லது. கையில் ஏதாவது பலகாரம் இருந்தால் இன்னும் நல்லது.

மரச் சன்னலுக்கு வருகிறேன். கடைவீட்டு மாடியில் சாய்ந்த பலகைகள் அடுக்கிய அந்தச் சன்னல் எதற்காக வந்தது? மழைச்சாரல் வராமல் காற்று மட்டும் வர, தெரு தெரிய ஆனால் தெருவுக்கு நாம் தெரியாமல் இருக்க. இந்த மூன்றும் இன்றும் தேவைதான், முக்கியமாக மேற்கு வெயில் அடிக்கும் வீடுகளில். ஆனால் வீவக வீட்டின் வெளிச்சன்னலை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, அந்த வேலையை அதற்கென அங்கீகாரம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். ஆகவே இருக்கும் சன்னலை அப்படியே விட்டுவிட்டு, உள்பக்கம் பலகைக் கதவு போடுகிறேன். பலகைகள் சாய்வை மாற்றும்படி அசைய வேண்டும். அசையாத பலகை வெறும் அலங்காரம், அதற்கு நான் காசு வாங்குவதில்லை. சமையலறைப் பக்கம் மரம் வேண்டாம். நவம்பர், டிசம்பர் பருவமழையில் ஊறி உப்பிவிடும், எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டும். அங்கே வண்ணம் பூசிய அலுமினியம் போதும்.

வண்ணம் விஷயத்தில் எல்லாரும் கெர்பாவ் ரோட்டில் இருக்கும் டான் டெங் நியா வீட்டின் படத்தைக் காட்டுகிறார்கள். 1900-இல் கட்டிய அந்த வீட்டின் இன்றைய பளீர் வண்ணங்கள் திறந்தவெளி வெயிலில் எடுபடும். 2.6 மீட்டர் உயர அறையில், இரவு விளக்கில், நாலு சுவரிலும் அவற்றை அடித்தால் கண் வலிக்கும். அலமாரியின் உள்பக்கத்துக்கும் பூசை மாடத்தின் பின்சுவருக்கும் கொடுத்துவிடச் சொல்வேன். சுண்ணாம்புப் பூச்சு கேட்பவர்களும் உண்டு. ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, உதிரும். அடிச்சுவரைத் தயார் செய்யும் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு வீடு, பீஷானில். அந்தக் குடும்பத்தின் தாத்தா இளம் வயதில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் இருந்தவர். நகரத்தார் லேவாதேவிக்காரர்கள் இருந்த அந்தக் கிட்டங்கிகள் 1970-களின் பிற்பகுதியில் அந்த வட்டாரம் மறுசீரமைக்கப்பட்டபோது போய்விட்டன. அவர்கள் 1859-இல் எழுப்பிய தேங் ரோடு முருகன் கோயில் இருக்கிறது, மறுபடி கட்டப்பட்ட உருவத்தில். கிட்டங்கி எப்படி இருந்தது என்று தாத்தா தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். நீளமான கூடம். ஒவ்வொருவருக்கும் தரையில் ஓர் இடம், ஒரு தாழ்வான மேசை, ஒரு பெட்டி. பகலில் அதுவே அலுவலகம். கணக்கு முடிந்ததும் பாயை விரித்தால் அதுவே படுக்கை. சமையல் பொது.

அந்த வீட்டில் பேரன் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், ஊரிலிருந்து உறவினர் அடிக்கடி வருவார்கள், கூடுதல் அறை ஒன்றே ஒன்று. கட்டில், மேசை, அலமாரி மூன்றையும் அதில் அடைத்தால் நிற்கவே இடம் இருக்காது. கிட்டங்கி முறையையே எடுத்துக்கொண்டோம். சுவரோரமாக 40 சென்டிமீட்டர் உயரத்தில் அகலமான மேடை. தரையில் உட்கார்ந்து எழும் வயதைத் தாண்டியவர்களுக்காக அந்த உயரம். மேடைக்குள் மெத்தை, பாய், தலையணை. அதன் மேல் வைத்து எழுத ஒரு சாய்வுப் பலகை, பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. மின்பொருத்துவாய்களை மேடையின் மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வைத்தோம். இதை முதலிலேயே யோசிக்காவிட்டால் பிறகு சுவர் முழுக்க ஒயர் ஓடும். எல்லாம் தாழ்வாக இருப்பதால் அறையின் கூரை உயர்ந்ததுபோல் தெரிகிறது. தாத்தா சாய்வுப் பலகை முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியை இடது பக்கம் நகர்த்தச் சொன்னார். பெட்டி எப்போதும் இடது பக்கம்தான் இருக்குமாம்.

இந்த இரண்டு வீட்டிலும் ஊஞ்சல் கேட்டார்கள். மேல்தளத்தில் துளை போட்டுத் தொங்கவிட நான் ஒப்புக்கொள்வதில்லை, அது மேல்வீட்டுக்காரரின் தரை. ஆசை இருந்தால் தனியாக நிற்கும் சட்டத்தில் மாட்டுங்கள். ஆனால் உங்கள் குடும்பத்து நினைவில் ஊஞ்சல் இருந்ததா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். காரைக்குடி வீட்டுக்கு உரியதைச் சிராங்கூன் சாலை நினைவுக்குள் திணித்தால் இரண்டுமே மங்கிவிடும்.

பூசை இடம் பற்றி ஒரு சின்னத் தகவல். ஜூன் 2018 முதல் புதிய வீடுகளில் தீயெச்சரிக்கைக் கருவி கட்டாயம். சாம்பிராணிப் புகைக்கு அது அலறும். கருவியைக் கழற்றி இழுப்பறையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பூசை மாடத்தைக் கருவியிலிருந்து விலக்கி, புகை சன்னல் வழியே வெளியேறும் போக்கில் வைத்தால் பிரச்சினை இல்லை. வரைபடம் போடும்போதே சொல்லிவிட்டால் செலவும் இல்லை.

பணத்தை எதில் முதலில் போடுவது என்று கேட்பவர்களுக்கு என் வரிசை இதுதான்: தரை, காற்று போகும் வழி, வாசலோர இடம். இவை மூன்றும் ஒருமுறை செய்தால் மாற்றுவது கஷ்டம். அலமாரி, நாற்காலி, படம் எல்லாம் குடிபோன பிறகு ஒவ்வொன்றாக வாங்கலாம். பழைய சாமான் கடையில் பார்த்தவுடன் வாங்க வேண்டாம், குடியேறி ஒரு மழைக்காலத்தைப் பார்த்த பிறகு எது எங்கே வேண்டும் என்று வீடே காட்டும்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் பெரியவர்கள் இல்லாத இளையவர்கள் என்ன செய்வது? கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. அதைவிட எனக்குப் பயன்பட்டது, 1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையம் பதிவு செய்திருக்கும் நேர்காணல்கள். தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள், பலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம். அரசியலும் தொழிலும் பேசும் பகுதிகளைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். வீட்டைப் பற்றிப் பேச்சு வரும் இடங்களில் நிறுத்திக் குறிப்பெடுங்கள்: ஓர் அறையில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வந்தது, துணி எங்கே காய்ந்தது, குழந்தைகள் எங்கே படித்தார்கள். அந்தக் குறிப்பையும் உங்கள் வீட்டு வரைபடத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வடிவமைப்பாளரைத் தேடுங்கள்.